இறால் குஞ்சை விடுறது சரி, மடிக் கண்ணியை யார் பார்க்குறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல ராமநாதபுரம் பக்கத்துல அப்பப்ப ஒரு போட்டோ வருது, ஆபீசருங்க படகுல வரிசையா நின்னுக்கிட்டு பிளாஸ்டிக் பையைச் சாய்ச்சு இறால் குஞ்சை கடல்ல விடுற போட்டோ. மண்டபத்துல இருக்குற சிஎம்எஃப்ஆர்ஐ காரங்க, அதான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், தாய் இறாலைப் பிடிச்சாந்து தொட்டியில முட்டை போட வச்சு, குஞ்சு ஓரளவு தேறினதும் பாக் ஜலசந்தியில கொண்டுபோய் விடுறாங்க. பிரதமர் மீன்வளத் திட்டப் பணம் அது, லட்சக்கணக்குல விட்டாச்சு. நல்ல காரியம், அதைக் குறை சொல்றதுக்கு இந்த லெட்டர் இல்ல. ஆனா குஞ்சு விட்ட அதே கடல்ல இருந்து விடியக்காலம் என்ன ஏறி வருதுன்னு மட்டும் ஒரு போட்டோவும் வர மாட்டேங்குது, அதைப்பத்தியும், இழுவலையோட கடைசிப் பையான மடியில இருக்குற ஓட்டை, அதான் கண்ணி, அதைப்பத்தியும்தான் எழுதுறேன்.

நான் பாம்பன் ஜெட்டியில, அதான் படகு வந்து அணையுற இடத்துல, மீன் ஏலக் கணக்கு எழுதுறவன். அப்பாவுக்கு நாட்டுப்படகு, அண்ணன் விசைப்படகுல டிரைவர், அதனால ஒரு பக்கம் சாய்ஞ்சு எழுதுறேன்னு யாரும் நினைக்க வேணாம், ரெண்டு பக்கமும் எனக்கு சோறு போட்ட பக்கம்தான்.

எங்க ஏரியாவுல வாரத்துல 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்குன்னு ரொம்ப வருஷமா ஒரு ஏற்பாடு இருக்கு. விசைப்படகு கரை புடிக்கிற காலையில நீங்க வந்து பாருங்க. இறால், நண்டு, கணவாய், நல்ல மீன் எல்லாம் தனித்தனி பெட்டியில ஐஸ் போட்டு இறங்கிடும். கடைசியா தளத்துல ஒரு குவியல் மிஞ்சும், அதை சவல்ல வாரி கூடையில கொட்டுவாங்க, அதான் சங்காயம். அதுல கையை விட்டுக் கிளறிப் பாருங்க. விரல் நீளத்துக்கு சீலா, அதைவிட சின்னதா தும்பிலி, அஞ்சு ரூபா காசு அளவுல கணவாய்க் குஞ்சு, ஓடு இன்னும் இறுகாத நண்டு, கண்ணு மட்டும் பெருசா தெரியுற சங்கரா குஞ்சு, அடியில காரல் நசுங்கி பாதி கூழா இருக்கும். இதுல பாதிக்கு மேல வளர்ந்தா ஏலத்துல போட்டி போட்டு வாங்குற சரக்கு. இப்ப கிலோவுக்கு ஒரு டீ காசு, மிஞ்சினா ரெண்டு டீ காசு. லாரி வந்து அள்ளிட்டு மீன் மாவு கம்பெனிக்குப் போயிடும், அங்கருந்து கோழித்தீவனம், இறால் பண்ணைத் தீவனம். நாலஞ்சு கிலோ பச்சை மீனைக் காய வச்சு அரைச்சாதான் ஒரு கிலோ மாவு தேறும்னு சொல்றாங்க, அப்போ எவ்வளவு குஞ்சு போகுதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

ஒரு கையில குஞ்சை விட்டுட்டு இன்னொரு கையில குஞ்சை வாரிக்கிட்டு இருக்கோம், ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதைதான். இதுல ஆராய்ச்சிக்காரங்களை நான் திட்டவே மாட்டேன், ஏன்னா அவங்க ரெண்டையும் சொல்லியிருக்காங்க, குஞ்சு விடுங்கன்னும் சொன்னாங்க, குஞ்சைப் பிடிக்காதீங்கன்னும் சொன்னாங்க. போட்டோ எடுக்க வசதியான பாதியை மட்டும் நாம எடுத்துக்கிட்டோம்.

அந்த மிச்சப் பாதி என்னன்னு பேப்பர் படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும். ஒரு மீன் வாழ்க்கையில ஒரு தடவையாச்சும் முட்டை போட்ட பிறகுதான் பிடிக்கணும், இவ்வளவுதான் விஷயம். எந்த நீளத்துல அது முட்டை போடுற பருவத்துக்கு வருதுன்னு தெரிஞ்சுக்க, மாசாமாசம் ஒவ்வொரு துறைமுகத்துலயும் மீனை வாங்கி, டேப் வச்சு அளந்து, வயித்தைக் கிழிச்சு சினை என்ன நிலையில இருக்குன்னு பார்த்து எழுதி வைக்கிறாங்க. இந்த மாதிரி வருஷக்கணக்கா பார்த்து வச்ச கணக்குல இருந்துதான் மத்திக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டர், அதுக்குக் கீழ பிடிக்கக் கூடாதுன்னு கேரளாவுக்கு எழுதிக் கொடுத்தாங்க. கேரளா 2015-ல முதல்ல 14 வகைக்கு அதை சட்டமா போட்டுச்சு, 2017-ல 58 வகைக்கு நீட்டுச்சு. அங்க சின்ன மீனோட கரைக்கு வர்ற படகைப் பிடிச்சு அபராதம் போடுறாங்க, மீனையும் பறிச்சுடுறாங்க, மலையாள சேனல்ல அடிக்கடி பார்க்கலாம்.

பலன் இருந்துச்சா? கிளிமீன்னு அவங்க சொல்றது நம்ம சங்கரா வகைதான், இந்த அளவுக் கட்டுப்பாடு வந்த பிறகு அதோட உற்பத்தி 41 சதவீதம் கூடியிருக்குன்னு சிஎம்எஃப்ஆர்ஐயே சொல்லியிருக்கு. அதே மூச்சுல இன்னொண்ணும் சொன்னாங்க, இவ்வளவு சட்டம் இருந்தும் அந்த ஒரு மீனைக் குஞ்சுலயே பிடிச்சதால மட்டும் ஒரே வருஷத்துல கேரளாவுக்கு 74 கோடி ரூபா நஷ்டம்னு. ஆக அங்கயும் திருட்டுத்தனம் நடக்குது, கேரளாக்காரங்க எல்லாரும் யோக்கியம்னு நான் சொல்ல வரல. ஆனா நஷ்டம் எவ்வளவுன்னு ரூபாயில சொல்ற அளவுக்கு அங்க இந்தப் பேச்சு வந்துடுச்சு, நம்ம ஜெட்டியில இன்னைக்கு வரைக்கும் ஸ்கேலை எடுத்துட்டு வந்து சங்காயக் கூடைக்குப் பக்கத்துல குந்தின ஒரு அதிகாரியை நான் பார்த்தது கிடையாது. டோக்கன் இருக்கா, லைசென்ஸ் இருக்கான்னு கேப்பாங்க. மீனைப் பார்க்க மாட்டாங்க.

அடுத்தது மடி. இழுவலையோட கடைசிப் பை, அதாவது மீன் போய் அடையுற இடம், அதுல கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாதுன்னு நம்ம மாநில விதியிலயே இருக்கு. எத்தனை படகுல அது இருக்குன்னு எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சிரிப்பாங்க. சரி, 40 போட்டாலும் ஒரு சிக்கல் உண்டு, வலை தைக்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். நம்ம வலைக் கண்ணி சாய் சதுரமா இருக்கும், மடியில பாரம் ஏறி இழுபடும்போது கண்ணி நீளவாக்குல இழுத்துக்கிட்டு வாய் மூடிக்கும், 40 போட்டாலும் குஞ்சு வெளிய போக வழி இருக்காது. இதுக்கு கொச்சியில இருக்குற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், சிஐஎஃப்டி, ரொம்ப நாளைக்கு முன்னாடியே வழி சொல்லிட்டாங்க: கடைசிப் பையை மட்டும் சதுரக் கண்ணியா திருப்பித் தைங்க, இழுத்தாலும் கண்ணி திறந்தே இருக்கும், பொடிசு தானா வெளிய போயிடும். முழு வலையையும் மாத்தச் சொல்லல ஐயா, கடைசிப் பையை மட்டும்தான். செலவும் பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா சதுரக் கண்ணி மடின்னு ஒண்ணு இருக்குறதே எங்க ஜெட்டியில பத்துல எட்டு பேருக்குத் தெரியாது, ஏன்னா அதைக் கொண்டு வந்து எங்க கடல்ல, எங்க படகுல இழுத்துக் காமிச்சு, பழைய மடியில இவ்வளவு, புது மடியில இவ்வளவுன்னு பக்கத்துல பக்கத்துல கொட்டிக் காட்டின ஆள் இல்ல. மீனவன் நோட்டீஸைப் பார்த்து நம்ப மாட்டான், கொட்டிக் காட்டினா நம்புவான்.

படகு ஓனருங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லிடுறேன், இல்லன்னா நாளைக்கு நான் ஜெட்டியில நடமாட முடியாது. டீசல் விக்கிற விலையில இறாலும் நண்டும் மட்டும் வச்சு ஒரு பாடு, அதான் ஒரு தடவை கடலுக்குப் போயிட்டு வர்றது, கட்டுபடி ஆகறது இல்ல, பல படகுல சங்காயக் காசுதான் டீசல் பாக்கிக்கோ ஐஸ் காசுக்கோ போகுது, அதை நிறுத்துன்னு திடீர்னு சொன்னா அவங்க எங்க போவாங்க. அதுவும் நம்ம பாக் ஜலசந்தி குட்டிக் கடல், அந்தப் பக்கம் இலங்கை எல்லை, தாண்டினா பிடிச்சிட்டுப் போறான், 2017-லயே இழுவை மடியை, அதான் இழுவலையை, அந்த நாட்டுல சட்டம் போட்டுத் தடை பண்ணிட்டாங்க. யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் இருக்குற நம்ம தமிழ் மீனவங்களே நம்ம மடியைக் கண்டா பயப்படுறாங்க, அவங்க வலையை அறுத்துட்டுப் போறோம்னு. சண்டை போடுற ரெண்டு பக்கமும் தமிழ்லதான் திட்டிக்கிறோம். இதுக்கு மாற்றா 80 லட்ச ரூபா ஆழ்கடல் சூரைப் படகுத் திட்டம் 2017-ல கொண்டு வந்தாங்க, 70 சதவீதம் மானியம், அப்பவும் எங்க ஆளுங்க பெருசா போகல. நைட்டு போயிட்டு காலையில திரும்புற பழக்கம் உள்ளவனை நாள் கணக்கா ஆழ்கடல்ல கிடன்னா, அதுக்குத் தனியா பழகணும்ல. அது வேற கதை, இன்னொரு லெட்டர்ல எழுதுறேன்.

அதனால நான் சொல்ற யோசனை, படகைத் துரத்தாதீங்க, மீன் மாவு கம்பெனி கேட்ல போய் நில்லுங்க. படகு நூத்துக்கணக்குல இருக்கு, கடல்ல போய் யாரும் செக் பண்ண முடியாது, பண்ணினா சண்டைதான். கம்பெனிங்க எண்ணிக்கை கம்மி, ஒவ்வொரு லாரியும் எடை மெஷின்ல ஏறித்தான் ஆகணும். அங்க வர்ற ஒவ்வொரு லோடுலயும் எந்த ஊர் சரக்கு, என்னென்ன மீன், எவ்வளவு குஞ்சுன்னு ஒரு கூடையை எடுத்துப் பிரிச்சு எழுதி வைக்கணும்னு கம்பெனி லைசென்ஸ்லயே கண்டிஷன் போடலாம். முதல் வருஷம் அபராதமே வேணாம், கணக்கு மட்டும் எடுங்க. எந்த மாசத்துல எந்த மீன் குஞ்சு ஜாஸ்தியா வருதுன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது, அந்த மாசம் அந்த இடத்தை மட்டும் மூடலாம். வாங்குற இடத்துல கெடுபிடி வந்தா மடி தானா மாறும், வியாபாரம் அப்படித்தான்.

நம்பலைன்னா ஆமை கதையை எடுத்துக்கங்க. இழுவலையில மாட்டுற கடல் ஆமை தப்பிச்சுப் போறதுக்கு வலைக்குள்ள சாய்வா ஒரு கம்பிச் சட்டம் வைக்கிறது, இறால் கம்பி வழியா பின்னால போயிடும், ஆமை கம்பியில முட்டி மேல இருக்குற வாய் வழியா வெளிய போயிடும். நம்ம கடலுக்கு ஏத்த மாதிரி சிஐஎஃப்டிகாரங்களே ஒண்ணு வடிவமைச்சு வச்சிருந்தாங்க. நாம படகுல மாட்டல. 2019-ல இருந்து அமெரிக்கா நம்ம கடல்ல பிடிச்ச இறாலை வாங்குறதில்லன்னு நிறுத்திட்டான், பண்ணை இறாலை மட்டும் வாங்குறான். கையில இருந்த ஆராய்ச்சியை சும்மா வச்சிருந்ததுக்கு நாம கொடுத்த விலை அது, அதுக்கப்புறம்தான் அவசர அவசரமா மீட்டிங், டெமோ எல்லாம். குஞ்சு மீனுக்கும் ஒருநாள் வெளிநாட்டுக்காரன் வந்து சொல்லணும்னு காத்திருக்கோமா தெரியல.

இதைப் படிச்சதும் யாராச்சும் ஒரு பெரியவர் பதில் லெட்டர் போடுவார், 2022 கணக்குப்படி ஆராய்ஞ்ச 135 மீன் இருப்புல, அதாவது கடல்ல இருக்குற மீன் கூட்டத்துல, 91.1 சதவீதம் ஆரோக்கியமா இருக்குன்னு சிஎம்எஃப்ஆர்ஐ சொல்லியிருக்கே, இவன் என்ன புலம்புறான்னு. அந்தக் கணக்கை நான் பொய்னு சொல்லல. அது நாடு முழுக்க எடுத்த கணக்கு, எங்க குட்டிக் கடலுக்கு மட்டும் எடுத்தது இல்ல, அதோட இருப்பு நல்லா இருக்குறதும் என் அப்பா கூடையில மீன் விழறதும் ஒண்ணு இல்ல, அதே இருப்பை இன்னைக்கு முன்னவிட பெரிய இன்ஜின் வச்ச படகுங்க பங்கு போட்டுக்குது. இன்னொரு பக்கம், மீன் குறைஞ்சா எல்லாப் பழியையும் வலை மேல போடுறதும் தப்பு. மத்தி விஷயத்தைப் பாருங்க, கேரளாவுல 2012-ல கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கிடைச்சது, 2021-ல வெறும் 3,297 டன், 2023-ல திரும்ப 1.38 லட்சம் டன்னுக்கு ஏறிடுச்சு. வலை அதே வலைதான். கடல் சூடு, மழை, தீனி எல்லாம் சேர்ந்து ஆட்டுற ஆட்டம் அது. ஆனா ஒண்ணு கவனிங்க, கடல் நம்ம கையில இல்லாத மாதிரி கண்ணி நம்ம கையில இல்லன்னு சொல்ல முடியாது.

இந்த நம்பரெல்லாம் எப்படி வருதுன்னு பல பேருக்குத் தெரியாது, எனக்கு ரொம்ப மரியாதை உள்ள வேலை அது. கையில நோட்டோட ஒருத்தர் ஜெட்டிக்கு வருவார். மத்தியானத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும் நிப்பார், மறுநாள் காலையில திரும்ப வந்து நைட்டு என்ன வந்துச்சுன்னு கேட்டு எழுதிக்குவார், கரைக்கு வந்த படகுல சிலதைத் தேர்ந்தெடுத்து எந்த மீன் எத்தனை கிலோ, என்ன வலை, எவ்வளவு ஆழம், எத்தனை மணி நேரம் இழுத்தீங்கன்னு ஒவ்வொண்ணா கேப்பார். இதே மாதிரி கடற்கரை முழுக்க சில ஊர், சில நாள்னு தேர்ந்தெடுத்து எடுக்குற மாதிரிக் கணக்கைப் பெருக்கித்தான் 2024-ல தமிழ்நாடு 6.79 லட்சம் டன், குஜராத்துக்கு அடுத்து ரெண்டாவது இடம்னு சொல்றாங்க. நாங்க ஆரம்பத்துல அவரை இன்கம்டாக்ஸ் ஆளுன்னு நினைச்சோம். கூட்டிச் சொல்றதா குறைச்சுச் சொல்றதான்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்லி விட்டோம், நிவாரணம் வரும்னு நினைச்சவன் குறைச்சுச் சொன்னான், கெத்துக்கு ஒருத்தன் கூட்டிச் சொன்னான். அவர் சிரிச்சுக்கிட்டே பெட்டியைத் தூக்கிப் பார்த்து எடையை மதிச்சு எழுதிட்டுப் போவார், ரொம்ப சரியா இருக்கும். எங்க ஜெட்டியில இருந்து இவ்வளவு வருஷமா எடுத்துட்டுப் போறாங்களே, வருஷக் கடைசியில எங்க ஜெட்டிக்கு என்ன கணக்கு வந்துச்சு, எந்த மீன் ஏறிச்சு எது இறங்குச்சுன்னு தமிழ்ல ஒரு போர்டு வச்சா என்ன? இங்கிலீஷ்ல புத்தகம் போடுறாங்க, நல்லாத்தான் இருக்கும் போல, எங்களுக்கு அது எதுக்கு ஆகும்.

பண்ணை வளர்ப்பு வந்துட்டா கடலுக்குப் பாரம் குறையும்னு ஒரு பேச்சு ரொம்ப ஓடுது, அதையும் ஒரு வார்த்தை. 2010-ல மண்டபத்துலதான் இந்தியாவுலயே முதல் தடவையா கடல் விராலுக்கு, அதான் கோபியா மீனுக்கு, செயற்கையா முட்டை எடுத்துக் குஞ்சு பொரிச்சாங்க, பெருமையான விஷயம், இன்னைக்கு எங்க பக்கம் மிதவைக் கூண்டு போட்டு வளர்க்குறவங்க இருக்காங்க. ஆனா கூண்டுல அது எதைத் தின்னு வளருது? துண்டு போட்ட பொடி மீனைத்தான் பல பேர் போடுறாங்க, ஒரு கிலோ விரால் ஏறணும்னா அதுபோல பல மடங்கு பொடி மீன் உள்ள போகணும். குருணைத் தீவனம் இருக்கு, விலை கையைக் கடிக்குது. மீன் மாவு இல்லாத மலிவான தீவனத்துக்கு ஆராய்ச்சிப் பணத்தைப் போடுங்க, கூண்டு மானியத்தை விட அதுதான் அவசரம்.

கடல் பாசி வளர்ப்புல தீவனச் செலவே இல்ல, 45 நாள்ல அறுத்துடலாம், எங்க ஊர் பொம்பளைங்க எத்தனையோ பேர் அதுல வீடு நடத்துறாங்க. நாங்க பெப்சி பாசின்னு சொல்றது, பாவ்நகர்ல தலைமையிடம் வச்சிருக்குற மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க 1995 வாக்குல மண்டபத்துக்குக் கொண்டு வந்த வெளிநாட்டு வகை. அதுவும் சும்மா இருக்கல, குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல படர்ந்துடுச்சுன்னு 2008-ல விஞ்ஞானிங்களே எழுதினாங்க, 2013-ல நோய் வந்து மிதவை மிதவையா அழுகி விழுந்துச்சு, எத்தனை குடும்பம் கடன்ல உக்காந்துச்சுன்னு பாசிக்காரங்களைக் கேளுங்க. இப்ப வளமாவூர்ல 127 கோடிக்கு பாசிப் பூங்காவுக்கு 2023-ல அடிக்கல் நாட்டினாங்க. வரட்டும், நல்லது. விதைப் பாசி எங்கருந்து வருது, நோய் இருக்கான்னு பார்க்க லேப் இருக்கா, பவளத்துப் பக்கம் போகாம யார் பார்த்துக்கறது, இதையும் சேர்த்து அந்த 127 கோடிக்குள்ள பண்ணணும்.

கடைசியா ஒரு வேலை நடக்க வேண்டிய நேரம் பத்தி. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், 2001-ல ஆரம்பிச்சப்ப 45 நாள்தான், 2017-ல நீட்டினாங்க. நிவாரணம் 8,000 ரூபா வருது. அந்த 61 நாள்லதான் எல்லா விசைப்படகும் கரையேறி பெயின்ட் அடிக்கும், எல்லா மடியும் பிரிச்சுத் தைக்க வரும். சதுரக் கண்ணிப் பையை மாட்டணும்னா வருஷத்துல அந்த நேரத்தை விட்டா வேற நேரம் கிடையாது. ஜூன் 10-ந் தேதி சர்க்குலர் அனுப்பி ஜூன் 15-ல புது மடியோட போன்னு சொன்னா நடக்காது, வலைக் கம்பெனிக்காரன் ஆர்டர் எடுக்குறதே பிப்ரவரி, மார்ச்சுல. மீன்வளத்துறை, மண்டபம் நிலையம், கொச்சி சிஐஎஃப்டி, எங்க படகுச் சங்கம், நாலு பேரும் ஜனவரியிலயே உக்காந்து பேசி, முதல்ல ஒரு பத்து படகுக்கு மட்டும் இலவசமா அந்தப் பையைக் கொடுத்துப் பார்க்கட்டும், அந்தப் பத்துப் படகோட பாடு நஷ்டத்தை ஒரு மாசத்துக்கு அரசாங்கம் ஏத்துக்கட்டும். எங்க அண்ணன் படகு ஓனர்கிட்ட பேசிப் பார்த்தேன், நஷ்டத்தை எழுதிக் கொடுத்தா முதல் ஆளா மாட்டுறேன்னு சொல்லியிருக்கார்.

இப்படிக்கு,
ஏலக் கணக்கு எழுதும் உங்க வாசகன்,
பாம்பன்.